குளிர்க் கந்தோரும் சிரட்டைக்கரியும்

யுத்தம் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். முந்தலிலிருந்து உடப்புப் பக்கம் போகும் பாதையில் இருந்த ஓர் இறால் பதனிடும் தொழிற்சாலையில் நான் மூத்த கிளார்க்காக வேலை பார்த்தேன். கற்பிட்டிப் பக்கம் பிறந்து முந்தலில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்பு விளைகிற வெயில். அந்த வெயிலில் ஒரு பெண் கம்பளிச் சட்டையும் சால்வையும் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "மிஸ் குளிர் காய நுவரெலியாவுக்கா?" என்று கண்டக்டர் தினமும் கேட்பார். முதல் மாதம் சிரித்தேன். பிறகு சிரிக்கவும் அலுத்துவிட்டது.

நாங்கள் கணக்கு எழுதும் கந்தோர் அப்படிப்பட்ட இடம். உண்மையில் அது கந்தோரே இல்லை. ஒரு காலத்தில் இறால் வைக்கும் சின்னக் குளிர் அறையாக இருந்தது. அதன் இயந்திரம் பழுதாகிவிட, முதலாளி அதற்குள் இரண்டு மேசையும் மூன்று கதிரையும் ஓர் இரும்பு அலுமாரியும் போட்டுக் கந்தோர் என்று சொல்லிவிட்டார். இரண்டு பக்கச் சுவருக்கு அப்பால் வேலை செய்கிற குளிர் அறைகள். மூன்றாவது பக்கம், பெண்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரில் கைவைத்து இறால் தரம் பிரிக்கும் மண்டபம். அவர்கள் எழுதித் தரும் துண்டுகளை வாங்குவதற்காக அந்தச் சுவரில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் வெட்டியிருந்தார்கள். நாலாவது பக்கம் கதவு. அதுவும் பழைய குளிர் அறைக் கதவேதான். ஒரு சாண் கனம், சுற்றிவர ரப்பர் பட்டி.

சுவர் எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கும். கடதாசி ஈரமாகிப் பேனை எழுதாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து ஓணான் மாதிரி வெயிலில் கொஞ்ச நேரம் நிற்போம். உடம்பில் சூடு ஏறத் தொடங்கும்போது திரும்பி உள்ளே போகும் நேரம் வந்துவிடும். வேறு இடத்துக்குக் கந்தோரை மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். பெட்டி வெளியே போகிற இடத்தில்தான் அதை எழுதுகிற ஆள் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் வேதம். அதில் ஓர் எழுத்தும் மாறாது.

நான் அப்போது களைத்துப்போன ஒரு மனுசி. விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தி, கடலுக்குப் போய்வந்த மனிசனுக்குச் சாப்பாடு எடுத்துவைத்து, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வந்து சேரும்போதே ஒரு நாள் முடிந்த மாதிரி இருக்கும். முழங்கால் வலி வேறு. களைப்பு என்பதை நான் ஒரு நோய் வருத்தமாக எண்ணியதே இல்லை. உடுத்த உடுப்பைப்போல அது என்னோடேயே இருந்தது.

கந்தோரில் என்னோடு இருந்தவள் கரைத்தீவிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பிள்ளை. அவளுடைய குடும்பம் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. அவள் பிறந்ததே முகாமில்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மாப்பிள்ளை கட்டாரில் வேலை. முதலில் தரித்த பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. இப்போது இரண்டாவது, ஆறு மாதம். லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இரு என்று நான் சொன்னதற்கு, "வீட்ட இருந்தா யோசின கூடும் அக்கா. இஞ்ச இருந்தா எழுதிக்கிட்டாவது இருப்பன்" என்றாள். அவள் குறை சொல்கிற பிள்ளை இல்லை. ஆனால் ஒருநாள் பேனை பிடித்த அவளுடைய விரல் நுனிகள் நீலம் பாய்ந்து கிடப்பதைக் கண்டேன். அன்றைக்கு நேரே முதலாளியிடம் போய், அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆனால் நான் பொறுப்பில்லை என்று கத்திவிட்டேன்.

முதலாளி நல்ல மனிதர்தான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் வேலையை விட்டுப் போயிருப்பேன். நல்லவராக இருந்தபடியால்தான் அங்கேயே கிடந்து உத்தரிக்க வேண்டியிருந்தது. "செலவும் கூடப்படாது, ஆபத்தும் இருக்கப்படாது. அப்பிடி ஒரு சூடு பாத்துப் போடுங்க மிஸ். நீங்க சொல்லுறதுதான்" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன?

முதலில் கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மஞ்சள் பல்புகள் இரண்டை மேசைக்கு மேலே தொங்கவிட்டுப் பார்த்தோம். உச்சந்தலை சுட்டது, கால் விறைத்தது. தரம் பிரிக்கும் பெண்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "குஞ்சு பொரிச்சிட்டுதா மிஸ்?" என்று கேட்டார்கள்.

அடுத்தது இத்தாலி ஹீட்டர். எங்கள் கரையோரத்தில் வீட்டுக்கு ஒருவர் இத்தாலியில் இருப்பார்கள். சிலாபத்தில் இருக்கும் என் மச்சாள் ஒருத்தி அங்கிருந்து திரும்பும்போது வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். அதில் ஒரு கரண்ட் ஹீட்டரும் இருந்தது. இந்த வெயிலில் அதை வைத்து என்ன செய்வது? அலுமாரிக்கு மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தாள். அதைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். செருகி ஐந்து நிமிடம் இருக்கும். கம்பி சிவந்தது, நாங்கள் இருவரும் கையை நீட்டினோம், டப்பென்று முழுக் கட்டடமும் இருண்டுவிட்டது. குளிர் அறை இயந்திரமும் நின்றுபோனது. கரண்ட் வேலை செய்கிற பாஸ், எங்கள் பக்கத்து எலக்ட்ரீசியன், வந்து பார்த்து, இந்தப் பழைய வயரில் இது தாங்காது, தனி லைன் இழுக்க வேண்டும் என்றார். தனி லைன் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளி, "அது பிறகு பாப்பம்" என்றார். எங்கள் முதலாளியின் 'பிறகு' எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. முதலாளிக்குத் தென்னந்தோட்டம் இருந்தது. அங்கே குழியில் தேங்காய்ச் சிரட்டை சுட்டுக் கரியாக்கி மூட்டை கட்டி வைப்பார்கள். கேட்டால் ஒரு மூட்டை சும்மாவே வரும். கரண்ட் தேவையில்லை, செலவும் இல்லை. விறகு போலச் சிரட்டைக்கரி புகையாது. நெருப்பென்றால் எங்களுக்குப் பயம் புகைக்கும் பொறிக்கும்தான். புகையே இல்லாவிட்டால் என்ன ஆபத்து? வெளியே காற்றில் வைத்துப் பற்றவைத்து, புகை முழுக்க அடங்கி, கரி சிவந்து மேலே சாம்பல் பூத்த பிறகு, பழைய தாச்சிச் சட்டியில் அள்ளி உள்ளே கொண்டுவந்து வைத்தேன். அடியில் செங்கல், பக்கத்தில் ஒரு வாளி மணல். கடதாசிகளைத் தள்ளி வைத்தேன். இதைவிடக் கவனமாக யார் செய்வார்கள்?

முதல் நாள் அந்தப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. முதலாளியும் வந்து பார்த்து, என் மூளையைப் புகழ்ந்துவிட்டுப் போனார். வந்த சூட்டை வீணாக்கக் கூடாது என்று கண்ணாடி ஜன்னலை இழுத்துச் சாத்திவைத்தேன், துண்டு தரும்போது மட்டும் திறந்தால் போதும் என்று. கதவுக்குக் கீழே ரப்பர் தேய்ந்திருந்த இடத்தில் சாக்கை மடித்துச் செருகினேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதை இதுதான். குரங்கைப் பிடித்துக்கொண்டே பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்து பின்னேரமானால் எனக்குத் தலை இடிக்கும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து படுத்திருந்தபோது தலையிடி வரவே இல்லை. ஓய்வெடுத்தபடியால் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டியது. வயிற்றில் பிள்ளை இருந்தால் பிரட்டத்தானே செய்யும்? எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒவ்வொரு காரணம் கைவசம் இருந்தது.

கிறிஸ்மஸ், எங்களுக்கு நத்தார், நெருங்கிய நாட்கள். வெளிநாட்டுக்குப் போகும் பெட்டிகளை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே அடைமழை. வெளியேயும் குளிர், உள்ளேயும் குளிர். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கரி போட்டேன். மத்தியானம் சாப்பிடக்கூட நாங்கள் வெளியே போகவில்லை. துண்டுகளை எல்லாம் மொத்தமாகக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். எழுதி முடித்தால் லொறி புறப்படலாம்.

இரண்டு மணி இருக்கும். "அக்கா, எனக்கு ஒரு மாதிரிக் களப்பா இரிக்கி. கை கால் விட்டுப்போன மாதிரி" என்றாள் அவள்.

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "யாருக்குத்தான் பிள்ளை களைப்பில்ல? எனக்கும்தான். கொஞ்சம் மேசையில தலைய வச்சுக்கொள்ளுங்க, மிச்சத்த நான் எழுதுறன்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். அதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் எழும்பி வெளியே போயிருப்பாள். அன்பாகச் சொன்னபடியால் தலையைச் சாய்த்தாள்.

அதற்குப் பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கின்றன. எழுதிய இலக்கத்தையே திரும்ப எழுதினேன். பேனை கீழே விழுந்தது. குனிந்து எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். அவசரம் என்ற உணர்வே இல்லை. வருடக்கணக்காகக் கிடைக்காத நித்திரை ஒன்று கிட்ட வந்து நிற்கிற மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை கதிரையிலிருந்து மெல்லச் சரிந்து நிலத்தில் இருப்பதைக் கண்டேன். பாவம், படுக்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எங்களைக் காப்பாற்றியது ஒருவருடைய கோபம். லொறி டிரைவர் சிலாபத்துக்கு அப்பால் ஒரு சிங்கள ஊரைச் சேர்ந்தவர். அதற்கு முன் இரண்டு தடவைதான் வந்திருப்பார். கடதாசிக்காக ஒரு மணித்தியாலம் மழையில் காத்திருந்து பொறுமை போய், ஏசிக்கொண்டே வந்து கண்ணாடி ஜன்னலில் ஓங்கித் தட்டினாராம். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் ஒருத்தி மேசையில், ஒருத்தி நிலத்தில். நடுவில் கரிச்சட்டி. சுற்றி ஓடிவந்து அந்தக் கதவைத் திறந்தார். "எளியட்ட! எளியட்ட!" என்று அவர் கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது. வெளியே, வெளியே என்று அர்த்தம். முதலில் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் லொறி ஏற்றும் மேடையில், மழைச்சாரல் அடிக்கும் இடத்தில் கிடத்தினார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் மழை பட்டதும் வாந்தி எடுத்தேன். அவள் வாந்தியும் எடுக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை.

முதலாளி தோட்டத்தில் இருந்தார். வான் பிடிக்க நேரமாகும் என்று யாரோ சொன்னார்கள். டிரைவர் ஒருவரையும் கேட்கவில்லை. லொறியின் முன் ஆசனத்தில் அவளை ஏற்றி, என்னிடம் அவளுடைய தலையைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மழைக்குள்ளேயே ஓட்டினார். வழி முழுக்க எனக்கு ஏச்சு.

"கதவு மூடி கரி போடறதா மிஸ்? படிச்ச ஆள்தானே நீங்க? எங்கட ஐயா கொப்பரா வீட்டுல படுத்தது. காலையில எழும்பல்ல. தெரியுமா?" அவர்கள் மொழியில் ஐயா என்றால் அண்ணன். தேங்காய் காயப்போடும் சூளை வீட்டில், கணகணப்புக்காகக் கரிக்குப் பக்கத்தில் படுத்த அண்ணன். அதைச் சொல்லிவிட்டு லொறியை இன்னும் வேகமாக விட்டார். ஆஸ்பத்திரியில் எங்களை இறக்கிவிட்டு, நனைந்த உடுப்போடு லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் அவர் வரவே இல்லை.

மூக்கில் ஒட்சிசன் வைத்து எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து வயிற்றைத் தடவினாள். தமிழ் கதைக்கும் இளம் லேடி டொக்டர் ஒருவர் அவளிடம் பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் எழும்பி நடக்கக்கூடிய நிலைக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை இல்லாத கரியில்தான் ஆட்கள் ஏமாறுவார்கள். தலையிடி, பிரட்டு, களைப்பு, பிறகு நித்திரை, அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்தில் இதை எழுதிச் சரி வாங்கியது எனக்கு நினைவு வந்தது.

"இப்ப குழந்தையிட துடிப்பு இருக்கு. ஆனா வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளையைத்தான் இது கூடத் தாக்கும். பிறந்த பிறகுதான் முழுசாச் சொல்லலாம்" என்றார். போகும்போது, "அவங்கட வீட்டு ஆக்களுக்கும் இத வடிவா விளங்கப்படுத்துங்க, என்ன?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுடைய உம்மா வந்தபோது நான் வாசலில் ஒரு மர வாங்கில் இருந்தேன். கரைத்தீவிலிருந்து மழையில் வந்த மனுசி, முக்காடு நனைந்து சொட்டியது. "என்ன மகள் நடந்திச்சி? ஐஸ் கம்பனிக் காஸ் ஏதும் லீக்காகிட்டா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

நான் "ஓம் உம்மா" என்றேன்.

ஒரு சொல். அவரே கேள்வியையும் பதிலையும் சேர்த்துக் கொண்டுவந்து தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். பிறகு சொல்லலாம், பிள்ளை பிறக்கட்டும், எல்லாம் நல்லபடி முடியட்டும் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். முதலாளியும், வெளியில் கதைக்க வேண்டாம் மிஸ், நடந்தது நடந்துவிட்டது என்றார். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. நான் இரண்டு தடவை போனில் கதைத்தேன். அவளும் குளிர் அறை இயந்திரத்துக் காஸ் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். சட்டியைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கந்தோர்ப் பிரச்சினை எப்படி முடிந்தது தெரியுமா? முதலாளி பயந்துபோய் அடுத்த கிழமையே மேசைகளைத் தூக்கி லொறி ஏற்றும் மேடைக்குப் பக்கத்தில், வெயில் படும் இடத்தில் போடச் சொன்னார். பெட்டி வெளியே போவது அங்கிருந்தும் தெரிந்தது. பத்தடி தள்ளி. ஹீட்டரும் தேவையில்லை, கரியும் தேவையில்லை. எவ்வளவு நாள் என்னென்னவோ எரித்துப் பார்த்தோம்!

பிள்ளை பிறக்கும்வரைக்கும் அந்த மூன்று மாதமும் நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. முன்பு நித்திரைக்கு ஏங்கியவளுக்கு இப்போது படுத்தாலும் நித்திரை இல்லை. பிள்ளை ஊனமாகப் பிறக்குமா, உயிரோடு பிறக்குமா என்று நினைத்து நினைத்து, கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவைத்துவிட்டு என்ன கேட்டு மன்றாடுவது என்றுகூடத் தெரியாமல் நிற்பேன். பிறகு ஒருநாள் அவளே கோல் எடுத்தாள். ஆண் பிள்ளை. நிறை நல்லதாம், டொக்டர்மார் எல்லாம் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்களாம். நான் போனை வைத்துவிட்டு லொறி மேடையில் குந்தி இருந்து அழுதேன். இனிச் சொல்லத் தேவையில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்த அழுகைக்குள்ளேயே ஒரு கள்ள நிம்மதியும் இருந்தது.

பிள்ளை பிறந்து பத்துநாள் இருக்கும். பவுடரும் சவர்க்காரமும் சின்ன உடுப்புகளும் வாங்கிக்கொண்டு கரைத்தீவுக்குப் போனேன். உம்மா வாசலுக்கு வந்து சந்தோசமாக உள்ளே கூட்டிப்போனார். களப்புக் கடற்காற்று அன்றைக்குப் பலமாக வீசியது. பெற்ற உடம்புக்கும் பச்சைப் பிள்ளைக்கும் காற்றுப் பிடிக்கக் கூடாது என்று அறையின் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணி செருகி வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் முகத்தில் சூடு அடித்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒரு மண்சட்டியில் சிரட்டைக்கரி செக்கச் சிவந்து இருந்தது.

அவள் படுத்திருந்தாள். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. "காலையில இருந்து தல இடிக்கிது அக்கா. களப்பா இரிக்கி. உம்மா சொல்றாங்க பெத்த உடம்பு அப்பிடித்தானாம்" என்றாள். பக்கத்தில் பிள்ளை. "இவனும் இண்டைக்கு நல்ல நித்திர. பால் குடிக்கவும் எழும்புறானில்ல."

என்ன செய்கிறேன் என்று யோசித்து நான் எதையும் செய்யவில்லை. பிள்ளையைத் தூக்கி உம்மாவின் கையில் திணித்து, வெளியே போங்கள் என்று கத்தினேன். ஜன்னல்களை அடித்துத் திறந்தேன். சட்டியை வெறுங்கையால் பிடித்து முற்றத்து மணலில் கவிழ்த்தேன். திரும்பி வந்து அவளைத் தோளில் தாங்கி விறாந்தைக்குக் கொண்டுவந்தேன். உள்ளங்கை இரண்டும் பொங்கிவிட்டன, அது பிறகுதான் தெரிந்தது.

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மகள் இது? பச்சப்புள்ளக்கி காத்துப் புடிச்சிரும். நாங்க எல்லாரும் சட்டி வச்சித்தானே புள்ள வளத்தோம்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அவர்கள் அந்த நாட்களில் சட்டி வைத்தது ஓலைக் கிடுகு வீட்டில், காற்று நாலு பக்கத்தாலும் வந்து போகும். இப்போது கல்வீடு, கண்ணாடி ஜன்னல். அதை விளங்கப்படுத்தினால் போதுமா? போதாது. நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லாவிட்டால், நான் போன பிறகு அந்தச் சட்டி திரும்ப உள்ளே போகும்.

"உம்மா, அண்டைக்குக் கம்பனியில காஸ் ஒண்டும் லீக்காகல்ல. நான்தான் கந்தோருக்குள்ள சிரட்டைக்கரி வச்சன். கதவையும் ஜன்னலையும் மூடினதும் நான்தான். உங்கட மகளுக்கு வந்தது அந்தக் கரியால. நான் உங்களுக்குப் பொய் சொன்னன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார், உள்ளங்காலைச் சுண்டினார். பிள்ளை அசையவில்லை. திரும்பவும் சுண்டினார். பக்கத்து வீட்டுக்காரர் முச்சக்கர வண்டியை எடுக்க ஓடினார். வண்டி வாசலுக்கு வந்த நேரம் பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு வீரிட்டு அழுதது. ஆனாலும் மனம் கேட்கவில்லை, தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் துண்டு எழுதும்வரை காத்திருந்தபோது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே உம்மா என் கையைப் பார்த்துத் தன் முக்காட்டு நுனியைக் கிழித்து நனைத்துச் சுற்றிவிட்டார். ஏசவில்லை. சுற்றி முடித்துவிட்டு, "இத அண்டைக்கே சொல்லி இருந்தா இண்டைக்கு இப்பிடி நடந்திருக்குமா மகள்? ஏன் சொல்லல்ல?" என்று மட்டும் கேட்டார்.

வருடங்கள் ஓடிவிட்டன. அவளுடைய மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பெருநாளைக்கு அவள் எனக்கு வட்டிலப்பம் அனுப்புவாள், நத்தாருக்கு நான் கேக் அனுப்புவேன். அந்த வீட்டில் யாரும் அந்தக் கதையைத் திரும்ப எடுத்ததில்லை. நான்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போனால் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்க்காமல் வருவதில்லை, பைத்தியம் என்று சிரித்தாலும் பரவாயில்லை. யாராவது களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், எனக்கும்தான் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வருவதில்லை, எழும்பிப் போய் முகத்தைப் பார்க்கிறேன். உம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருந்தது, எனக்குக் களைப்பாக இருந்தது என்பதுதான் அது; ஆனால் பத்துநாள் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஒரு மனுசியின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.